சும்மா கிடக்கும் பாகமும் காக்க வைக்கும் பாகமும்

கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டால் பலருக்கு முதலில் தோன்றுவது, உள்ளே வேண்டாத சாமான் ஏதோ கிடக்கிறது, அதைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்பதுதான். ஜெராக்ஸும் டிடிபியும் சேர்த்து நடத்தும் அக்கா ஒருவர் அண்மையில் இதையே கேட்டார். "தம்பி, இந்த சிபியுக்குள்ள இருக்கிறதுல பாதியை நான் தொடுறதே இல்ல. டிவிடி போட்டே வருஷக் கணக்காச்சு. எல்லாத்தையும் கழட்டிப் போட்டா வேகமா ஓடுமா?" கடைக்கு டீ வந்திருந்தது. அவசரப்படாமல் பேசலாம் என்று உட்கார்ந்துவிட்டோம்.

அந்தப் பெட்டியில் இருந்தவை இவை: நான்காம் தலைமுறை ஐ3 பிராசசர், 4 ஜிபி ரேம் இரண்டு, விண்டோஸ் இருக்கும் 240 ஜிபி எஸ்எஸ்டி, அதற்கு முன்பிருந்தே கூட வரும் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், ஒரு டிவிடி ரைட்டர், முன்பக்கத்தில் கார்டு ரீடர், எப்போதோ கேபிள் டிவி பார்க்கப் போட்ட டிவி ட்யூனர் கார்டு. வெளியே இரண்டு பிரிண்டர்கள். விண்டோஸின் பட்டியலில் மட்டும் ஐந்து பிரிண்டர்கள்.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். ஒரு பாகம் வேலை எதுவும் இல்லாமல் இருக்கும்போது பிராசசரின் நேரத்தைத் தின்பதில்லை. பிராசசர் ஒவ்வொரு பாகத்திடமும் போய் "ஏதாவது உண்டா, ஏதாவது உண்டா" என்று கேட்டுக்கொண்டே இருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. பாகத்துக்கு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அதுவே 'இன்டரப்ட்' என்ற சைகையை அனுப்பும். வீட்டு வாசலில் அழைப்பு மணி இருப்பதைப் போல: மணி அடித்தால் எழுந்து போகிறோம், அடிக்காதவரை வாசலை நினைப்பதே இல்லை. அந்த டிவி ட்யூனர் கார்டில் ஆன்டெனா வயரே இல்லை, அதைத் திறக்கும் மென்பொருளும் ஓடவில்லை. அது மணி அடிக்கப்போவதில்லை.

அதன் டிரைவர் நினைவகத்தில் ஏறியிருக்கும் என்பது உண்மைதான். ஆனால் இத்தகைய டிரைவர்கள் பெரும்பாலும் சில நூறு கிலோபைட்டிலிருந்து சில மெகாபைட் வரைதான் இருக்கும். 8 ஜிபி ரேமில் அது கணக்கிலேயே வராது. மின்சாரத்தையும் பார்த்துவிடலாம். மேசைக் கம்ப்யூட்டரில் போடும் ஹார்ட் டிஸ்க் ஒன்று வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தாலே ஏறக்குறைய 5 வாட் எடுக்கும். நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் மொத்தம் ஒரு யூனிட். கழற்றினால் அது மிச்சம், பெட்டிக்குள் சூடும் கொஞ்சம் குறையும். வேகம் கூடாது.

அப்படியானால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. ஒரு காலத்தில் இது முழு உண்மையாக இருந்தது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் இன்டரப்ட்டுக்கு 8 தடங்கள்தான் இருந்தன. 1984-இல் வந்த ஐபிஎம் ஏடி அதை 16 ஆக்கியது. அதிலும் ஒன்று இரண்டு சிப்களை இணைக்கவே போய்விட, மிஞ்சியது 15. டைமர், கீபோர்டு, ஃபிளாப்பி, ஹார்ட் டிஸ்க், பிரிண்டர் போர்ட், இரண்டு சீரியல் போர்ட் என்று பங்கு போட்ட பிறகு புதிதாக ஒரு கார்டு செருக நாலைந்து தடம் மிஞ்சினால் பெரிது. அந்தக் கால ஐஎஸ்ஏ ஸ்லாட்டில் இரண்டு கார்டுகள் ஒரே தடத்தைப் பகிர்ந்தால் சண்டைதான். மவுஸ் காம்1 போர்ட்டில், உள் மோடம் காம்3-இல் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான அமைப்பில் இரண்டுக்கும் தடம் எண் 4. இன்டர்நெட்டுக்கு டயல் செய்யத் தொடங்கியதும் மவுஸ் அம்பு திரையில் அப்படியே நின்றுவிடும். கார்டின் மேலிருக்கும் சின்ன ஜம்பரைப் பிடுங்கி வேறு முள்ளில் மாட்ட வேண்டும், அல்லது ஏதாவது ஒன்றைக் கழற்ற வேண்டும். வேண்டாத கார்டைக் கழற்று என்று அன்றைய மெக்கானிக்குகள் சொன்னது அனுபவத்தில் பிறந்த நல்ல அறிவுரை.

அதே காலத்தில் ஐடிஇ கேபிள் தொல்லையும் இருந்தது. அந்த அகலமான சாம்பல் நிறப் பட்டைக் கேபிளில் இரண்டு சாதனங்களை மாட்டலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேச முடியும். ஹார்ட் டிஸ்க்கும் சிடி டிரைவும் ஒரே கேபிளில் இருந்தால், சிடி படிக்கத் திணறும்போது ஹார்ட் டிஸ்க்கும் காத்து நிற்கும். தொடக்க காலச் சிப்செட்டுகள் சிலவற்றில் மெதுவான சாதனத்தின் வேகத்துக்கே மற்றதும் இறங்கிவிடும். சிடி டிரைவைக் கழற்றினால் கம்ப்யூட்டர் வேகமானது என்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அது 1990-களின் உண்மை. இன்று சாட்டாவில் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனிக் கேபிள், பிசிஐ எக்ஸ்பிரஸில் ஒவ்வொரு கார்டுக்கும் தனிப் பாதை. இன்டரப்ட்டும் தனித் தடம் வழியே போகாமல், நினைவகத்தில் எழுதுவதைப் போன்ற ஒரு செய்தியாகவே போகிறது. பழைய காரணங்கள் ஏறக்குறைய எல்லாம் தீர்ந்துவிட்டன.

ஆனாலும் அக்காவின் கம்ப்யூட்டர் உண்மையிலேயே மெதுவாகத்தான் இருந்தது. அவர் முறையிட்டதை உட்கார்ந்து கவனித்தபோது ஒன்று தெரிந்தது. டைப் அடிக்கும்போது தடங்கல் இல்லை. ஃபோட்டோஷாப்பில் படத்தைத் திருப்பும்போதும் தடங்கல் இல்லை. 'சேவ் ஆஸ்' அழுத்தினால் அந்தச் சிறு ஜன்னல் வெள்ளையாக வந்து நின்று, ஏழெட்டு விநாடி கழித்துத்தான் உயிர் பெற்றது. வாடிக்கையாளர் பென் டிரைவோடு நிற்கும்போது அந்த ஏழெட்டு விநாடி எவ்வளவு நீளம் என்பது கடை வைத்திருப்பவருக்குத்தான் தெரியும். அதே நேரத்தில் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தமும் கேட்டது: மெல்லிய 'ட்ர்ர்' என்று தொடங்கி ஏறிக்கொண்டே போய் ஒரே சீராகும் சத்தம். தூங்கிக்கொண்டிருந்த ஹார்ட் டிஸ்க் சுற்றத் தொடங்கும் சத்தம் அது.

விண்டோஸின் வழக்கமான மின்சேமிப்பு அமைப்பில், 20 நிமிடம் யாரும் தொடாத ஹார்ட் டிஸ்க்கின் மோட்டார் நிறுத்தப்படும். அக்கா வேலை செய்வதெல்லாம் எஸ்எஸ்டியில். எனவே 500 ஜிபி டிஸ்க் எப்போதும் தூக்கத்தில் இருந்தது. 'சேவ் ஆஸ்' ஜன்னல் திறக்கும்போது விண்டோஸ் எல்லா டிரைவ்களையும் பட்டியலிடப் பார்க்கிறது: நீ இருக்கிறாயா, உன்னில் இடம் எவ்வளவு என்று ஒவ்வொன்றிடமும் கேட்கிறது. தூங்கும் டிஸ்க் எழுந்து, முழு வேகத்துக்குச் சுற்றி, தலைப்பகுதியை இடத்துக்குக் கொண்டுவந்து, பிறகுதான் பதில் சொல்லும். அதுவரை ஜன்னல் காத்திருக்கும். பிராசசர் அப்போது 2 சதவீதம்கூட வேலை செய்யவில்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து அக்காவுக்கே காட்டினேன்.

இந்தக் கேள்வியில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். பயன்படாத பாகம் வேகத்தைத் தின்பதில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்லத் தாமதிக்கும் பாகம்தான் நம்மைக் காக்க வைக்கிறது. மெதுவான கம்ப்யூட்டரைப் பார்க்கும்போது "எதை நான் பயன்படுத்துவதில்லை" என்று தேடினால் டிவி ட்யூனர் கார்டைக் கழற்றுவீர்கள், பலன் இருக்காது. "இப்போது இது யாருக்காகக் காத்திருக்கிறது" என்று தேடினால் சரியான இடத்துக்குப் போய்ச் சேருவீர்கள்.

தூங்கும் டிஸ்க்குக்கு ஸ்க்ரூ டிரைவரே வேண்டாம். பவர் ஆப்ஷனில் 'டர்ன் ஆஃப் ஹார்ட் டிஸ்க்' என்ற இடத்தில் 'நெவர்' என்று மாற்றினால் போதும், டிஸ்க் தூங்காது. மேலே சொன்ன ஒரு யூனிட் செலவு அதற்கு விலை.

சாகக் கிடக்கும் டிஸ்க் வேறு கதை, அதைக் கழற்றியே ஆக வேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பகுதி பழுதாகிவிட்டால் அதைப் படிக்க டிஸ்க் திரும்பத் திரும்ப முயலும். இயங்குதளமும் பொறுமையாகக் காத்திருக்கும். லினக்ஸில் ஒரு கட்டளைக்கு வழக்கமான பொறுமை 30 விநாடி. அது முடிந்து மறுபடி முயன்று, மறுபடி காத்து என்று நிமிடக் கணக்கில் எல்லாம் உறைந்து நிற்கும். அந்த டிஸ்க்கில் உங்களுக்கு வேண்டிய கோப்பு ஒன்றுகூட இல்லாவிட்டாலும் இதே நிலைதான், ஏனென்றால் கம்ப்யூட்டரைப் போடும்போதும் எக்ஸ்புளோரரைத் திறக்கும்போதும் யாராவது அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்துக்குப் போய் அந்த டிஸ்க்கைச் சொடுக்கிப் பாருங்கள். 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' என்று ஓர் எண் இருக்கும். நல்ல ஹார்ட் டிஸ்க்கில் அது பெரும்பாலும் பத்து இருபது மில்லிவிநாடி. அதிக வேலை எதுவும் கொடுக்காதபோதே ஆயிரங்களில் நின்றால் டிஸ்க் கஷ்டப்படுகிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் 'காஷன்' என்று மஞ்சள் நிறத்தில் காட்டினாலும் பொருள் அதுவே. முதலில் உள்ளே இருப்பதை நகலெடுங்கள், அதற்கு முன் வேறு எந்தச் சோதனையும் வேண்டாம். பிறகு கழற்றுங்கள். பெட்டி புதிதாக வாங்கியதுபோல் ஓடும்.

டிவிடி ரைட்டரும் இதே குடும்பம்தான், ஆனால் உள்ளே தட்டு இருந்தால் மட்டும். அக்காவின் டிரைவில் யாரோ கொடுத்த கல்யாண ஆல்பத் தட்டு ஒன்று கீறலோடு கிடந்தது. கம்ப்யூட்டரைப் போடும்போதெல்லாம் அதைப் படிக்க அது பாடுபட்டது. தட்டை எடுத்தோம், டிரைவ் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். பழைய தட்டோடு வரும் வாடிக்கையாளர் இன்னும் உண்டு, அதைக் கழற்றினால் கடைக்குத்தான் இழப்பு.

பிரிண்டர் விஷயத்தில் நான் எதிர்பார்த்தபடியே இருந்தது. பட்டியலில் இருந்த ஐந்தில் மூன்று எப்போதோ விற்றுப்போனவை. அதில் ஒன்று, நெட்வொர்க் வழியாக இணைத்திருந்தது, 'டிஃபால்ட்' ஆக இருந்தது. வேர்டு ஒரு கோப்பைத் திறக்கும்போது பக்க அமைப்புக்காக டிஃபால்ட் பிரிண்டரின் விவரத்தைக் கேட்கும். இல்லாத பிரிண்டர் எப்படிப் பதில் சொல்லும்? அந்த மூன்றையும் நீக்கி, மேசைமேல் இருக்கும் லேசரை டிஃபால்ட் ஆக்கியதும் வேர்டு திறக்கும் நேரம் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது. இங்கே கழற்றியது ஹார்டுவேரே இல்லை. ஹார்டுவேர் போன பிறகும் தங்கிவிட்ட அதன் முகவரியை. அதோடு பிரிண்டர் கம்பெனிகள் இன்ஸ்டால் செய்யும்போது சேர்த்து ஏற்றிவிடும் அப்டேட் பார்க்கும் நிரல், இங்க் விளம்பரம் காட்டும் நிரல் இவற்றையும் டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்டப்' பக்கத்தில் நிறுத்திவிடுங்கள். பாகம் எடுத்துக்கொள்வதைவிட அதற்குத் துணையாக வரும் இந்த நிரல்கள் எடுத்துக்கொள்வது பல மடங்கு அதிகம்.

டிவைஸ் மேனேஜரில் 'ஷோ ஹிட்டன் டிவைசஸ்' கொடுத்தால் மங்கலாக நூறு பெயர் வரும்: என்றோ செருகிய பென் டிரைவ், பழைய மவுஸ். அதை எல்லாம் நீக்கினால் வேகம் வரும் என்று வீடியோக்கள் சொல்கின்றன. வராது. அவை பதிவேட்டில் இருக்கும் வெறும் குறிப்புகள், இல்லாத சாதனத்துக்கு டிரைவர் ஏறுவதில்லை. வேண்டுமானால் நீக்கிக்கொள்ளலாம்.

யூஎஸ்பியில் ஒரு சங்கதி பலருக்குத் தெரிவதில்லை. யூஎஸ்பி 3.0 சாதனங்கள் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை வெளிவிடும் என்று 2012-இல் இன்டெல் நிறுவனமே ஓர் ஆவணம் வெளியிட்டது. வயர்லெஸ் மவுஸும் கீபோர்டும் பழைய வைஃபையும் அதே அலைவரிசைதான். வெளி ஹார்ட் டிஸ்க்கை நீல நிறப் போர்ட்டில் செருகி, அதற்குப் பக்கத்துப் போர்ட்டில் மவுஸின் குட்டி டாங்கிளையும் செருகியிருந்தால் மவுஸ் தத்தித் தத்திப் போகும். பார்ப்பவருக்குக் கம்ப்யூட்டரே திணறுவதாகத் தோன்றும். டிஸ்க்கைப் பிடுங்கினால் சரியாகும், அதனால் "வேண்டாததைக் கழற்றினேன், வேகம் வந்தது" என்று நம்பிவிடுவோம். டாங்கிளை ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டித் தள்ளி வைத்தாலும் இதே பலன் கிடைக்கும்.

அக்காவின் கார்டு ரீடரும் யூஎஸ்பிதான். அதன் உள் இணைப்பு தளர்ந்திருந்ததால் அவ்வப்போது தானாகத் துண்டித்து மறுபடி இணைந்துகொண்டிருந்தது. விண்டோஸ் 'டிங்' என்று சத்தம் போடுமே, அது யாரும் எதையும் செருகாதபோதே கேட்டால் இப்படி ஏதோ ஒன்று நடக்கிறது. ஒவ்வொரு முறையும் விண்டோஸ் அந்தச் சாதனத்தைப் புதிதாக அடையாளம் காண வேண்டும். அதை மட்டும் கழற்றிப் போட்டோம்.

ரேமில் கை வைக்கும் முன் யோசியுங்கள். ரேம் ஒருபோதும் சும்மா கிடப்பதில்லை. நிரல்களுக்கு வேண்டாத பகுதியில் அண்மையில் படித்த கோப்புகளை விண்டோஸ் வைத்துக்கொள்கிறது, அடுத்த முறை வேகமாகத் திறக்க. இரண்டில் ஒன்றைக் கழற்றினால் இரட்டைச் சானல் போய் ஒற்றைச் சானலாகும், நினைவகத்தின் கடத்தும் திறன் பாதியாகும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் அது நன்றாகவே தெரியும். ஆனால் இதற்கு நேர்மாறான ஒன்று இப்போது வந்திருக்கிறது. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் இரண்டு டிடிஆர்5 குச்சிகள் போட்டால் நிறுவனம் உறுதி தரும் வேகம் 5200. நான்கு ஸ்லாட்டையும் நிரப்பினால் அது 3600-க்கு இறங்கும். அங்கே தேவைக்கு மேல் இருக்கும் இரண்டைக் கழற்றினால் மெய்யாகவே வேகம் கூடும். பாகத்தைக் கழற்றினால் கம்ப்யூட்டர் வேகமாகுமா என்ற கேள்விக்கு முழு மனதோடு "ஆம்" என்று சொல்லக்கூடிய இடங்கள் குறைவு, இது அவற்றில் ஒன்று.

இனி, எதையும் கழற்றாமலே சோதிக்கும் வழி. டாஸ்க் மேனேஜரில் 'சிஸ்டம் இன்டரப்ட்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். ஆரோக்கியமான கம்ப்யூட்டரில் அது ஒரு சதவீதத்தையொட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். தொடர்ந்து ஐந்து, பத்து என்று நின்றால் ஏதோ ஒரு பாகமோ அதன் டிரைவரோ ஓயாமல் மணி அடிக்கிறது. டிவைஸ் மேனேஜரில் சந்தேகப்படும் ஒவ்வொன்றாக வலது சொடுக்கி 'டிஸேபிள் டிவைஸ்' கொடுத்துப் பாருங்கள். எதை நிறுத்தியதும் எண் இறங்குகிறதோ அதுதான் ஆள். விண்டோஸ் இருக்கும் டிஸ்க், டிஸ்ப்ளே, கீபோர்டு இவற்றை மட்டும் தொடாதீர்கள். டிஸேபிள் செய்த சாதனம் மென்பொருளைப் பொறுத்தவரை கழற்றியதற்குச் சமம்தான். ஒரு வாரம் அப்படியே ஓட்டிப் பாருங்கள். வித்தியாசம் இல்லையென்றால் கழற்றினாலும் இருக்காது, பழையபடி எனேபிள் செய்துவிடலாம்.

கழற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், பழைய ஹார்ட் டிஸ்க்கில் கை வைக்கும் முன் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்'டைத் திறந்து பாருங்கள். இதில் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். எஸ்எஸ்டி புதிதாகப் போட்டு விண்டோஸ் ஏற்றும்போது பழைய டிஸ்க்கையும் மாட்டியே வைத்திருந்தால், கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் சிறு கோப்புகளை விண்டோஸ் பல நேரம் பழைய டிஸ்க்கிலேயே வைத்துவிடும். 'இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்' அல்லது 'சிஸ்டம் ரிசர்வ்டு' என்ற பெயரில் சில நூறு மெகாபைட் இடம். அது பழைய டிஸ்க்கில் இருந்தால், அந்த டிஸ்க்கைப் பிடுங்கியதும் கம்ப்யூட்டர் கருப்புத் திரையில் பூட் செய்ய எதுவும் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். பயப்பட வேண்டாம், கேபிளைத் திரும்ப மாட்டினால் எழுந்துவிடும். பிட்லாக்கர் போட்டிருந்தால் பயாஸில் எதையாவது மாற்றும்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும், அதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா வேலைக்குத் தொடாத டிஸ்க் என்பதால் அதைக் கழற்றவே முடிவு செய்தோம். அவர் கம்ப்யூட்டரில் அந்தக் கோப்புகள் பழைய டிஸ்க்கில்தான் இருந்தன. 'பிசிடிபூட்' என்ற கட்டளையால் அவற்றை எஸ்எஸ்டியிலேயே புதிதாக உருவாக்கி, பயாஸில் எஸ்எஸ்டியை முதல் இடத்தில் வைத்து, பழைய டிஸ்க்கின் கேபிளை எடுத்துவிட்டு ஒரு முறை தொடங்கிப் பார்த்தோம். தொடங்கியது. டிஸ்க்கின் உடல்நிலை நன்றாகவே இருந்தது. அதைக் குப்பையில் போட வேண்டியதில்லை, பழைய சாமான் கடைக்கும் வேண்டாம். அதில் வாடிக்கையாளர்களின் ஆதார் நகல் முதல் சொத்துப் பத்திரம் வரை ஸ்கேன் செய்தது இருக்கிறது, வெறுமனே 'டெலீட்' கொடுத்தால் அவை அழிவதில்லை. மேசைக் கம்ப்யூட்டர் டிஸ்க்குக்குத் தனி அடாப்டரோடு வரும் யூஎஸ்பி பெட்டி ஒன்றை வாங்கி அதற்குள் போடச் சொன்னேன். வாரம் ஒரு நாள் கடை அடைக்கும் முன் மாட்டி, கல்யாணப் பத்திரிகை டிசைன்களை நகலெடுத்துவிட்டு, பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம்.